ஏழு வயதும் ஒற்றை இருக்கையும்

ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோ தீம் பார்க்குகளுக்குப் பிள்ளைகளோடு போகிறவர்கள் ஏதோ ஒரு நேரத்தில் இந்த இடத்தில் வந்து நிற்பார்கள். ரோலர் கோஸ்டர் வாசலில் பொது வரிசைக்கான பலகை 90 நிமிடம் என்று காட்டும். பக்கத்திலேயே சிங்கிள் ரைடர் என்று இன்னொரு வாசல் இருக்கும். அங்கே கூட்டம் குறைவு. அந்த வழியாகப் போனால் பாதி நேரம் மிச்சமாகலாம். ஆனால் குடும்பமாகச் சேர்ந்து உட்கார முடியாது. எட்டு வயது மகள் முன்பின் தெரியாத ஒருவர் பக்கத்தில்தான் உட்கார வேண்டியிருக்கும். அனுப்பலாமா, கூடாதா?

அனுப்பலாம் என்பவர்கள் விதிமுறையைக் காட்டுவார்கள்: பார்க்கே அனுமதிக்கிறது, பிறகென்ன? கூடாது என்பவர்கள் பக்கத்து இருக்கையைக் காட்டுவார்கள்: யாரென்றே தெரியாத ஆளோடு சின்னப் பிள்ளையை எப்படி உட்கார வைப்பது? இரண்டு தரப்பும் அந்த மூன்று நிமிட ஓட்டத்தை மட்டுமே பார்க்கின்றன. என் கணிப்பில் இந்த விஷயத்திலேயே மிகக் குறைவாகக் கவலைப்பட வேண்டிய பகுதி அதுதான். கவலைப்பட வேண்டியவை வேறு: ஏறுவதற்கு முந்தைய அரை மணி நேரம், இறங்கிய பிறகான ஐந்து நிமிடம், பிரிந்து போகலாம் என்ற யோசனை யாருடையது என்ற கேள்வி.

முதலில் இந்த வரிசை எதற்காக இருக்கிறது என்று பார்க்க வேண்டும். வண்டியில் இருக்கைகள் இரண்டிரண்டாக இருக்கின்றன. மூன்று பேர் கொண்ட குடும்பம் வந்தால் ஓர் இடம் காலியாகப் போகும். ஒரு மணி நேரத்தில் எத்தனை பேரை ஏற்றி இறக்குகிறோம் என்பதை வைத்தே ஒரு ரைடின் திறன் அளக்கப்படுகிறது. காலி இருக்கை அந்தக் கணக்கில் நஷ்டம். அதை நிரப்பத்தான் தனி ஆட்களுக்கு ஒரு வரிசை. பனிச்சறுக்கு மலைகளில் லிஃப்ட் ஏறும் இடத்திலும் இதே ஏற்பாடு உண்டு. இதில் நுழைகிறவர் எந்த வண்டி, எந்த வரிசை, யார் பக்கத்தில் என்று கேட்கும் உரிமையை விட்டுக்கொடுத்து, பதிலுக்கு நேரத்தைப் பெறுகிறார். பெரியவர்களுக்கு நியாயமான பேரம். ஒரு குழந்தைக்கு அதே பேரம் எப்படிப் படும் என்பது வேறு. டிஸ்னியின் ‘மில்லேனியம் ஃபால்கன்: ஸ்மக்ளர்ஸ் ரன்’ ரைடில் ஆறு பேர் ஏறுவார்கள்: விமானிகள் இரண்டு பேர், பீரங்கிக்காரர்கள் இரண்டு பேர், பொறியாளர்கள் இரண்டு பேர். ஒற்றையாக வருகிறவருக்குப் பெரும்பாலும் கடைசி வரிசைப் பொறியாளர் இடம்தான் வாய்க்கும். விண்கப்பலை ஓட்டப்போகிறேன் என்று மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்த பையனுக்கு அது சின்ன ஏமாற்றம் இல்லை. யுனிவர்சலின் ‘ஹாரி பாட்டர் அண்ட் த ஃபர்பிடன் ஜர்னி’யில் இழப்பு இன்னும் பெரிது. கோட்டைக்குள் நடந்து போவதும், பேசும் ஓவியங்களையும் டம்பிள்டோரின் அறையையும் பார்ப்பதும் பாதி அனுபவம். சிங்கிள் ரைடர் வழி அதில் பெரும்பகுதியைத் தவிர்த்துவிட்டு நேரே வண்டிக்கு அழைத்துப்போகிறது.

இனி விதிமுறைக்கு வருவோம். டிஸ்னி வயதைப் பார்க்கிறது. ஏழு வயதுக்குக் கீழே இருந்தால் பதினான்கு வயதோ அதற்கு மேலோ ஆன ஒருவர் கூடவே ஏற வேண்டும். ஏழு ஆகிவிட்டால், உயரமும் சரியாக இருந்தால், தனியாக ஏறலாம். பார்க்குக்குள் துணையின்றி நுழைய மட்டும் பதினான்கு வேண்டும். அது 2013-இல் வந்த விதி. யுனிவர்சல் பெரும்பாலும் உயரத்தைப் பார்க்கிறது. ‘மென் இன் பிளாக்’ ரைடில் 107 சென்டிமீட்டர் இருந்தால் ஏறலாம். ஆனால் 122 ஆகும்வரை பொறுப்பான துணை கூட இருக்க வேண்டும், அதாவது ஒற்றை வரிசை கிடையாது. இரண்டு நிறுவனங்களும் வெவ்வேறு அளவுகோல் வைத்திருப்பதாகத் தோன்றும். ஆனால் ஏழு வயதுப் பிள்ளையின் சராசரி உயரம் உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி ஏறத்தாழ 121 சென்டிமீட்டர். வேறு வேறு வழியில் போய் இரண்டும் ஒரே வயதில் வந்து நிற்கின்றன.

அதனால் ஏழு என்பது ஏதோ வாய்க்கு வந்த எண் என்று ஒதுக்க மாட்டேன். ஆனால் அந்த எண் எதை உறுதி சொல்கிறது என்பதில் கவனம் வேண்டும். உடல் இருக்கையில் பொருந்துமா, தடுப்புக் கம்பி தொடைமேல் சரியாக அமருமா, சொன்னபடி கையைக் காலை உள்ளே வைத்துக்கொள்ளும் அளவுக்குப் பிள்ளை கேட்டு நடக்குமா, இவ்வளவுதான். வண்டிக்குள் நடப்பதற்கான விதி அது. இருட்டான வரிசையில் அரை மணி நேரம் தனியாக நிற்கத் தெரியுமா, கடைக்குள் வழி தவறினால் யாரிடம் கேட்பது என்று தெரியுமா என்பதை அளக்கும் கோடு எந்த ரைடின் வாசலிலும் வரையப்படவில்லை. நிறுவனம் அனுமதிக்கிறது என்பதைப் பெற்றோர் தம் முடிவுக்குப் பதிலாக வைத்துக்கொள்ளும்போது, அளக்கப்படாததையும் அளந்ததாக எண்ணிவிடுகிறார்கள்.

சரி, இருக்கை. பெற்றவர் பக்கத்தில் இருந்தால் பிள்ளைக்குப் பாதுகாப்பு கூடுமா? மனம் உடனே ஆம் என்கிறது. நடந்த விபத்துகளை எடுத்துப் பார்த்தால் அந்த ஆம் பலவீனப்படுகிறது. 2021 செப்டம்பரில் கொலராடோவின் கிளென்வுட் கேவர்ன்ஸ் பார்க்கில், பூமிக்குள் 110 அடி இறங்கும் ரைடில் ஆறு வயதுச் சிறுமி விழுந்து இறந்தாள். சீட் பெல்ட்டைக் கட்டிக்கொள்ளாமல் அதன் மேலேயே உட்கார்ந்திருந்தாள். உறவினர்கள் அதே ரைடில், அதே நேரத்தில் இருந்தார்கள். இயக்கியவர்கள் எச்சரிக்கை விளக்கைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் ரைடைக் கிளப்பியதை மாநில விசாரணை அறிக்கை காரணமாகச் சொன்னது. 2016 ஆகஸ்டில் கான்சாஸ் சிட்டியின் ஷ்லிட்டர்பான் நீர்ப்பூங்காவில் ‘ஃபெருக்ட்’ என்ற சறுக்கில் பத்து வயதுச் சிறுவன் இறந்தான். அங்கே மூன்று பேரின் கூட்டு எடை 400 முதல் 550 பவுண்டுக்குள் வர வேண்டும் என்பதால் அவனை அறிமுகமில்லாத இரண்டு பெண்களோடு ஒரே மிதவையில் ஏற்றியிருந்தார்கள். முன்னால் லேசான சிறுவன், பின்னால் கனமான பெரியவர்கள். மிதவை மேட்டில் காற்றில் எழும்பி மேலிருந்த வலைச் சட்டத்தில் மோதியது. சறுக்கின் வடிவமைப்பே கோளாறு. பக்கத்தில் தாய் தந்தை இருந்திருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாது. ஆனால் அந்த நிகழ்விலிருந்து ஒரு பாடத்தை நான் எடுத்துக்கொள்வேன்: எடை பார்த்து ஆட்களைச் சேர்க்கும் எந்த நீர்ச்சறுக்கிலும் குழந்தை இடம் நிரப்பும் ஆளாகப் போகக் கூடாது.

மூன்றாவது விபத்து வேறு திசையில் இழுக்கிறது. 2000 செப்டம்பரில் கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டின் ‘ராஜர் ராபிட்’ ரைடில் நான்கு வயதுச் சிறுவன் வண்டியிலிருந்து வெளியே விழுந்து வண்டிக்கு அடியில் சிக்கிக்கொண்டான். அவன் உட்கார்ந்திருந்தது ஏறும் வழிப் பக்கம். தடுப்புக் கம்பியும் முழுதாக இறங்கவில்லை. குழந்தையை உள்பக்கமும் பெரியவரை வாசல் பக்கமும் உட்கார வைத்திருக்க வேண்டும். இங்கே துணையின் இடம் உண்மையிலேயே முக்கியம். ஆக, ஏழுக்குக் கீழே துணை அவசியம் என்ற விதியில் அர்த்தம் இருக்கிறது. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கம்பி இறங்கும் பழைய வகை வண்டிகளில் அதற்கு மேலும் அர்த்தம் உண்டு: பக்கத்தில் பருத்த உடல்காரர் உட்கார்ந்தால் கம்பி அவர் தொடையில் நின்றுவிடும், மெலிந்த பிள்ளைக்கு இடைவெளி விழும். அப்படிப்பட்ட வண்டிக்கு ஒற்றை வரிசையில் பிள்ளையை அனுப்பக் கூடாது. ஆளுக்கொரு கம்பியோ பெல்ட்டோ உள்ள வண்டியில் அந்தச் சிக்கல் இல்லை. அங்கே குழந்தையைக் காப்பது பொறியியலும் ஊழியரின் கண்ணும்தான். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அப்பாவால் தன் கம்பியையே தூக்க முடியாது.

பக்கத்து ஆள் தவறானவராக இருந்தால்? இந்தப் பயத்தை நான் சிறிதும் இளக்காரமாகப் பார்க்க மாட்டேன். ஆனால் எங்கே வைக்க வேண்டுமோ அங்கே வைக்க வேண்டும். வண்டியில் யார் பக்கத்தில் யார் என்பதை முடிவு செய்பவர் ஊழியர், அதுவும் கடைசி நிமிடத்தில். கெட்ட எண்ணம் கொண்ட ஒருவர் திட்டமிட்டுக் குழந்தையின் பக்கத்தில் வந்து அமர வழியில்லை. அமர்ந்தாலும் இருவருமே கட்டப்பட்டிருக்கிறார்கள், சில நிமிடத்தில் வண்டி நின்றுவிடும். வரிசை அப்படி இல்லை. அங்கே முன்னால் நிற்பவரும் பின்னால் நிற்பவரும் அரை மணி நேரம் மாறுவதில்லை. சிங்கிள் ரைடர் பாதைகள் பல இடங்களில் குறுகலானவை, சுவரை ஒட்டிப் படிக்கட்டுகளில் ஏறிப் போகிறவை. இருக்கைக்காகப் பயந்து வரிசையில் பிள்ளையைத் தனியாக விடுகிறவர்கள் பயத்தைத் தலைகீழாக வைத்திருக்கிறார்கள். இதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை: வரிசையில் பெரியவர் ஒருவர் கூடவே நிற்க வேண்டும். பிரிவது கடைசிப் படியில் மட்டும்.

அந்தக் கடைசிப் படியில் என்ன நடக்கிறது என்று பக்கத்தில் போய்ப் பார்ப்போம். டிஸ்னி அனிமல் கிங்டம் பூங்காவின் ‘எக்ஸ்பெடிஷன் எவரெஸ்ட்’ நல்ல உதாரணம். 2006-இல் திறந்தது, ஏறக்குறைய 200 அடி உயரம், ஏற 112 சென்டிமீட்டர் உயரம் வேண்டும். பொது வரிசையும் ஒற்றை வரிசையும் சேரும் இடத்தில் ஊழியர் நின்று, வருகிற ஒவ்வொரு குழுவிடமும் எத்தனை பேர் என்று கேட்பார். காலி விழுந்ததும் ஒற்றை வரிசையின் பக்கம் திரும்பி ஒரு விரலைக் காட்டுவார். அடுத்து நிற்பவர் உடனே போக வேண்டும். இங்கே அம்மாவும் மகளும் நின்றால் முதலில் யார் போவது?

பலரும் பெரியவர் முன்னால் போய் இறங்கும் இடத்தில் காத்திருப்பதே நல்லது என்பார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அம்மா போய்விட்டால், ஏறுமுன் வரும் அந்தக் கடைசிக் கணத்தில் மகளின் முகத்தைப் பார்க்க யாரும் இல்லை. வேண்டாம் என்று அவளுக்குத் தோன்றினால் தெரியாத ஊழியரிடம் பேச வேண்டும், பின்னால் ஆட்கள் நெருக்கிக்கொண்டு நிற்பார்கள். அந்த நெருக்கடியில் பல பிள்ளைகள் வாயைத் திறக்காமல் ஏறிவிடும். அதைவிட மோசம், அந்த நேரத்தில் ரைடு பழுதாகி நின்றால் வரிசையில் இருப்பவர்களை வந்த வழியே திருப்பி அனுப்பலாம். அம்மா வெளிவாசலிலும் மகள் நுழைவாசலிலும் மாட்டிக்கொள்வார்கள். மகள் முதலில் போனால் கம்பி இறங்குவதை அம்மா கண்ணால் பார்க்கலாம், வேண்டாம் என்றால் இருவரும் ஒன்றாக விலகிவிடலாம். இறங்கிய பிறகு ஒன்றிரண்டு வண்டி வரும்வரை மகள் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டு பெரியவர்கள் இருந்தால் ஒருவர் முன்னால், பிள்ளை நடுவில், இன்னொருவர் பின்னால் என்று போனால் இந்தக் கேள்வியே எழாது.

எங்கே காத்திருப்பது என்பதை ஏறும் முன்பே பேசி வைக்க வேண்டும். எவரெஸ்ட்டில் இறங்கினால் வழி நேரே ஒரு கடைக்குள் போகிறது. பெரிய பார்க்குகளில் பெரும்பாலும் இப்படித்தான். பொம்மைகளும் சட்டைகளும் அடுக்கிய கூட்டமான கடை, வெளியேற ஒன்றுக்கு மேற்பட்ட வாசல்கள். “கடையில் இரு” என்பது போதாது. கடைக்குள் நுழையும் முன், இறங்கும் பாதை முடிகிற இடத்தில், சுவர் ஓரமாக நில் என்று சொல்ல வேண்டும். ரைடு நின்றுபோனால் எங்கே சந்திப்பது என்று இரண்டாவது இடமும் வேண்டும். அலைபேசி இருக்கிறதே என்று நம்பியிருக்க முடியாது. யுனிவர்சலின் ‘வெலோசிகோஸ்டர்’ போன்றவற்றில் ஏறும் முன் எல்லாவற்றையும் லாக்கரில் வைத்துவிட வேண்டும். வண்டியில் ஏறும் பிள்ளையிடம் எதுவும் இருக்காது. அம்மாவின் எண் மனப்பாடமாக இருக்க வேண்டும், அல்லது கையில் கட்டிய பட்டையில் எழுதியிருக்க வேண்டும். பெயர் அட்டை அணிந்த ஊழியரை அடையாளம் காணவும், அவரிடம் போய் “எங்க அம்மாவைக் காணோம்” என்று அந்த ஊர் மொழியில் ஒரு வாக்கியம் சொல்லவும் தெரிய வேண்டும். என்னைக் கேட்டால் இந்த வாக்கியம்தான் உயரக் கோலைவிடச் சரியான அளவுகோல். இலக்கணச் சுத்தம் வேண்டியதில்லை; கூச்சமில்லாமல் வாய் திறந்தால் போதும். சென்னையிலிருந்து சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டுடியோஸுக்குப் போகிற குடும்பத்துக்கும் இது அப்படியே பொருந்தும்.

எவரெஸ்ட்டில் இன்னொன்றும் உண்டு. வண்டி உச்சியில் ஏறியதும் முன்னால் தண்டவாளம் பிய்ந்து கிடக்கும், வண்டி நின்றுவிடும், பிறகு இருட்டுக்குள் பின்பக்கமாக இறங்கும். அது கதையின் பகுதி. முதல் முறை ஏறும் எட்டு வயதுப் பிள்ளைக்கு அது தெரியாது. பக்கத்தில் கையைப் பிடித்துக்கொள்ள ஆளும் இல்லை. அதனால் எந்த ரைடையும் முதல் தடவை ஒற்றையாக அனுப்பக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. முதல் தடவை பொது வரிசையில் சேர்ந்து நிற்கலாம். நீண்ட நேரம்தான், ஆனால் அந்த நேரத்தில் அந்த இடத்தின் கதையும் பிள்ளைக்குக் கிடைக்கிறது. “இன்னொரு தடவை” என்று பிள்ளை கேட்கும்போது ஒற்றை வரிசை அருமையான வசதி. என்ன வரப்போகிறது என்று தெரிந்த பிள்ளை தனியாக ஏறும்போது அந்தத் தனிமை ஒரு சாதனையாக மாறுகிறது.

சாதனை என்று சொல்வதில் மிகையில்லை. நார்வே ஆய்வாளர் எல்லன் சாண்ட்செட்டர் 2007-இல் பிள்ளைகளின் துணிகர விளையாட்டுகளை ஆறு வகையாகப் பிரித்தார். உயரம், வேகம், ஆபத்தான கருவிகள், நெருப்பு நீர் போன்றவற்றின் அருகாமை, கட்டிப் புரளும் சண்டை, கடைசியாகப் பெரியவர் பார்வையிலிருந்து விலகித் தனியே போவது. ரோலர் கோஸ்டர் தருவது முதல் இரண்டின் உணர்வை மட்டும். உண்மையான அபாயம் ஏற்கெனவே கழிக்கப்பட்டுவிட்டது. ஆறாவது மட்டும் அங்கே அசலானது. இறங்கி, சொன்ன இடத்தில், சொன்னபடி நின்று, அம்மா வருவதைப் பார்க்கும் பிள்ளை உண்மையிலேயே ஒன்றைச் செய்து முடித்திருக்கிறது. கண்காணிப்பும் ஊழியர்களும் நிறைந்த இடம் அதற்கு நல்ல முதல் படி.

2008-இல் நியூயார்க் பத்திரிகையாளர் லெனோர் ஸ்கெனாசி தன் ஒன்பது வயது மகனைச் சுரங்க ரயிலில் தனியாக வீடு வர விட்டதைப் பற்றி எழுதியபோது எழுந்த கூச்சல் இந்த விவாதத்திலும் எதிரொலிக்கிறது. அந்தச் சம்பவத்தில் அதிகம் கவனிக்கப்படாத ஒன்று எனக்கு முக்கியமாகப் படுகிறது. தனியாகப் போக விடுங்கள் என்று நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தவன் அந்தப் பையன்தான். ஆசை அவனுடையது, சம்மதம் மட்டுமே தாயுடையது.

தீம் பார்க்கில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது. உச்ச நாட்களில் டிஸ்னியில் ஒருநாள் நுழைவுச் சீட்டு ஒருவருக்கு 200 டாலரைத் தாண்டுகிறது. 1999-இல் ஃபாஸ்ட்பாஸ் வந்தபோது வரிசையை முந்திப் போவது இலவசம். 2021 முதல் அதற்கும் தனியே பணம். ஆளுக்கு இத்தனை என்று கட்டி வந்த பெற்றோருக்கு ஒவ்வொரு மணி நேரமும் கணக்கில் உறுத்துகிறது. இலவசமாக மிஞ்சியிருக்கும் குறுக்கு வழி சிங்கிள் ரைடர் ஒன்றுதான். “நீ பெரிய பையன், தனியாகப் போவாய்” என்று சொல்லும்போது அந்தச் சொல் பிள்ளையின் வளர்ச்சியிலிருந்து வருகிறதா, அப்பாவின் கைக்கடிகாரத்திலிருந்து வருகிறதா என்பது பிள்ளைக்கு நன்றாகவே தெரியும். அந்த அழுத்தத்தை உண்டாக்கிய பொறுப்பில் விலையை ஏற்றியவர்களுக்கும் பங்கு இருக்கிறது. ஆனால் அதைப் பிள்ளைமேல் இறக்கி வைப்பதற்கு அது சமாதானம் ஆகாது. நேரத்தை மிச்சப்படுத்த வேறு வழிகள் இருக்கின்றன. பார்க் திறக்கும் நேரத்தில் போகலாம். கைக்குழந்தை இருப்பதால் சிக்கல் என்றால் டிஸ்னியில் ரைடர் ஸ்விட்ச் இருக்கிறது, யுனிவர்சலிலும் அதேபோன்ற வசதி உண்டு. பெற்றோர் மாறி மாறி ஏறலாம், மூத்த பிள்ளை யாராவது ஒருவரோடு போகலாம். ஒரு ரைடை விட்டுவிடவும் செய்யலாம்.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்த்தால் என் தீர்ப்பு இது. ஏழு வயதில் விதி அனுமதித்தாலும் ஒன்பது பத்து வரை பொறுப்பதே நல்லது. அதற்கு முன்பே வழி கேட்டுப் பேசத் தெரிந்த, ரைடை முன்பே அறிந்த பிள்ளை தானாகக் கேட்டால் விதிவிலக்குத் தரலாம். பிள்ளை கேட்காமல் பெரியவர் முன்மொழிவதாக இருந்தால், பதின்ம வயதுக்கு முன் எந்த வயதிலும் வேண்டாம் என்பேன். எடைக் கணக்குச் சறுக்கும், பகிர்ந்த கம்பி வண்டியும் எப்போதுமே விலக்கு. வரிசையில் துணை கட்டாயம், இருக்கையில் கட்டாயம் இல்லை.

பார்க்குகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஒற்றை வரிசையில் சிறுவர்களை ஏற்றிக் காலி இருக்கையை நிரப்பிக்கொள்கிறவர்கள், இறங்கும் இடத்தில் அவர்களுக்கென்று ஓர் அடையாளமிட்ட நிற்கும் இடத்தையாவது வைக்கலாம். தரையில் ஒரு வட்டம், மேலே ஒரு பலகை, பக்கத்தில் ஓர் ஊழியர். அதோடு, வண்டியில் ஏற்றும் முன் ஊழியர் அந்தப் பிள்ளையைப் பார்த்து “தனியாகப் போக உனக்கு இஷ்டம்தானா?” என்று கேட்பதை விதியாக்கலாம். இல்லை என்று பிள்ளை தலையாட்டினால், பின்னால் எத்தனை பேர் காத்திருந்தாலும், அந்த இருக்கை காலியாகவே போகட்டும்.